மர மயிலும் கனசதுரமும்: இராவணன் ஊர்தியின் உருமாற்றம்

கண்டியிலிருந்து மகியங்கனை செல்லும் வீதி '18 வளைவு' எனப் பெயர்பெற்ற இறக்கத்தைக் கடந்து ஹசலக்கவை அடைகிறது. அப்பகுதியிலுள்ள குருலுபொத்த இராவணனின் விமானம் பழுதுபார்க்கப்பட்ட இடமென்றும், மகியங்கனையை அடுத்த வெரகன்தொட்ட அது தரையிறங்கிய இடமென்றும் சொல்வார்கள். சுற்றுலாக் கையேடுகளுக்கு இதில் ஐயமே இல்லை. தொல்லியல் சான்று எதையும் அவை காட்டுவதுமில்லை. இங்கு நாம் ஆராய்வது அங்கே இறங்கியதாகக் கருதப்படும் ஊர்தியின் உருவத்தை மட்டுமே.

வான்மீகத்தில் புட்பகம் விசுவகர்மா படைத்த பறக்கும் மாளிகை. குபேரனிடமிருந்து இராவணன் பறித்துக்கொண்டது. நினைத்த இடத்துக்குச் செல்லும் அதற்கு இயக்கமுறை எதுவும் தேவைப்படவில்லை. பொறி என்ற எண்ணம் வேறு கதைகளில்தான் வளர்கிறது. தம்மபத அட்டகதையில் போதிராசகுமாரனின் தச்சன் மரக் கருடன் ஒன்று செய்து, மனைவி மக்களோடு அதிலேறித் தப்புகிறான். சீவக சிந்தாமணியில் சச்சந்தன் விசயைக்கு அமைத்த மயிற்பொறி வலப்புறம் திருக எழும், இடப்புறம் திருக இறங்கும். திருத்தக்கதேவர் விமானியின் கைவேலையையே காட்டிவிடுகிறார்! சிங்கள மரபில் இராவணன் ஏறும் தண்டு மொனரவும் மர மயிலே. புட்பகத்தைவிட இவ்விரு பொறிகளுக்கே அது நெருக்கமானது.

இருபதாம் நூற்றாண்டில் கவனம் ஊர்தியை விட்டு அரசன்மீது திரும்பியது. 1946இல் புலவர் குழந்தையின் இராவண காவியம் அவனைத் தமிழ் வேந்தனாக்கியது. இலங்கையில் அரிசென் அஹுபுது போன்றோர் விசயனுக்கு முந்திய ஹெல மன்னனாக்கினர். பெங்களூரிலோ 1923இல் எல்லப்பா என்னும் வரைவாளர், பண்டைய விமான நூலெனச் சொல்லப்பட்ட வைமானிக சாஸ்திரத்துக்காகச் சகுனம், சுந்தரம், ருக்மம், திரிபுரம் என நான்கு விமானங்களை வரைந்தார். 1974இல் இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் ஐவர் அந்நூலே இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தது, அவ்வூர்திகள் பறக்கமாட்டா என்று முடிவு கூறினர்.

அதே 1974இல் ஜப்பானியத் தொலைக்காட்சியில் 'விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோ' என்னும் அசைபடத் தொடர் வந்தது. 1945இல் மூழ்கிய போர்க்கப்பல் அதில் விண்கலமாகப் புத்துயிர் பெறுகிறது. தொடர் 1979இல் அமெரிக்கா சென்றபோது கப்பலுக்கு ஆர்கோ என்று பெயர் சூட்டினர். முகப்பும் பீரங்கிகளும் அப்படியே இருந்தன. அங்கே உருவம் நிலைத்துப் பெயர் மாறியது. இராவணன் விஷயத்தில் பெயர் நிலைத்தது, உருவம் மாறிக்கொண்டே போனது.

அதன் கடைசி மாற்றம் 2019இல் நேர்ந்தது. இலங்கையின் முதல் நுண்செயற்கைக்கோளான இராவணா-1 ஏப்ரல் 17 அன்று வர்ஜீனியாவிலிருந்து ஏவப்பட்டு, ஜூன் 17 அன்று சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து சுற்றுப்பாதையில் விடப்பட்டது. எடை ஏறத்தாழ ஒரு கிலோ. சிறகில்லை, தோகையில்லை, கையடக்கப் பெட்டி. ஜப்பானின் கியூஷு தொழில்நுட்பக் கழகத்தின் பேர்ட்ஸ்-3 திட்டத்தில் நேபாளத்தின் நேபாளிசாட்-1, ஜப்பானின் உகுயிசு ஆகியவற்றோடு ஒரே அச்சில் உருவானது அது. கனசதுரக் கோளின் அளவு உலகப் பொது. நாடுகளுக்கு எஞ்சியது பெயர் மட்டுமே. வேடிக்கை என்னவென்றால், மூன்றில் ஜப்பானின் கோளுக்குத்தான் பறவையின் பெயர்.

அரசனைப் பற்றிய தேடல் அத்தோடு ஓயவில்லை. 2020 ஜூலையில் இலங்கை சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை நாளிதழ் விளம்பரம் வெளியிட்டு, இராவணன் குறித்த நூல்களையும் ஆவணங்களையும் தருமாறு பொதுமக்களைக் கேட்டது.