சைக்கிள் கூட்டிக்கிட்டு வந்த அவசரச் சாப்பாடு

ஃபாஸ்ட் ஃபுட்டுன்னா பட்டணத்துல இருந்து கிராமத்துக்கு வந்த சமாச்சாரம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. பீட்சா, பர்கர் எல்லாம் அப்படி வந்ததுதான். ஆனா எங்க பக்கம், அதாவது பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி சுத்துவட்டாரத்துல, அவசரமா நின்னுக்கிட்டே சாப்பிடுற பழக்கம் அதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடியே வந்தாச்சு. அதைக் கூட்டிக்கிட்டு வந்தது சைக்கிள்.

முதல்ல அமெரிக்கா கதையைச் சொல்லிடறேன். 1940-ல் கலிஃபோர்னியாவில் சான் பெர்னார்டினோங்கிற ஊர்ல மெக்டொனால்டு அண்ணன் தம்பி ரெண்டு பேர் கடை திறந்தாங்க. கார்ல வந்து, கார்லயே உக்காந்து சாப்பிடுற கடை. 1948-ல் பரிமாறுற ஆளுங்களை எடுத்துட்டு, பண்டங்களைக் குறைச்சு, ஜன்னல்ல வாங்கிக்கிட்டுப் போற மாதிரி மாத்தினாங்க. உலகம் முழுக்க இப்ப நடக்குற ஃபாஸ்ட் ஃபுட் அங்க பிடிச்ச ரூட்டுதான். கார் இல்லாம அது இல்ல.

அதுக்கு அடுத்த வருஷம், 1949-ல், முருகப்பா குழுமமும் இங்கிலாந்துல இருந்த டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனியும் சேர்ந்து டிஐ சைக்கிள்ஸ் ஆரம்பிச்சாங்க. அம்பத்தூர்ல தொழிற்சாலை. ஹெர்குலஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. எல்லாம் அங்கே இருந்து வந்ததுதான். அப்போ அம்பத்தூர், பொன்னேரி, நாங்க எல்லாருமே செங்கல்பட்டு மாவட்டம். திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997-ல்.

சைக்கிள் வந்த அதே காலத்துல தொழிற்சாலைகளும் வந்துச்சு. 1955-ல் திருவொற்றியூர்ல என்ஃபீல்டு. 1960-கள்ல ஆவடியில டாங்கி செய்யுற தொழிற்சாலை, அம்பத்தூர்ல தொழிற்பேட்டை. 1971-ல் அரசாங்கம் சிப்காட் நிறுவனத்தை ஆரம்பிச்சது. பிறகு கும்மிடிப்பூண்டியிலயும் சிப்காட் வந்து, இரும்பு உருக்குற ஆலை, கம்பி இழுக்கிற ஆலைன்னு வரிசையா நின்னுச்சு. 1979-ல் சென்ட்ரல்ல இருந்து கும்மிடிப்பூண்டி வரைக்கும் மின்சார ரயில் ஓட ஆரம்பிச்சது. வீட்டுல இருந்து ஸ்டேஷனுக்கு சைக்கிள், அங்க ஸ்டாண்டுல போட்டுட்டு ரயில். இல்லன்னா நேரா ஆலை கேட்டு வரைக்கும் சைக்கிள். நான் பள்ளிக்கூடம் போற காலத்துல விடியற்காலையில எங்க ரோட்டுல மாட்டு வண்டியை விட சைக்கிள்தான் அதிகம்.

இப்போ சாப்பாட்டுக்கு வரேன். வயல் வேலைக்கு ஒரு சாப்பாட்டு நேரம் உண்டு. காலையில வெயில் ஏறினதும் கூழு வரும். கரையில உக்காந்து, கருவாட்டையோ பச்சை மிளகாயையோ கடிச்சுக்கிட்டு, நாலு பேச்சு பேசிக்கிட்டு குடிப்பாங்க. அவசரம் கிடையாது. ஆலைக்குப் போனா கடிகாரம். 1948-ல் வந்த தொழிற்சாலைச் சட்டம், தொடர்ந்து அஞ்சு மணி நேரத்துக்கு மேல ஒருத்தரை வேலை வாங்கக் கூடாது, நடுவுல குறைஞ்சது அரை மணி நேரம் ஓய்வு விடணும்னு சொல்லிச்சு. தொழிலாளிக்கு நல்ல சட்டம்தான். ஆனா கிராமத்தான் வாழ்க்கையில சாப்பாட்டுக்கு அளவு வெச்சது அந்த அரை மணி நேரம்தான்.

அதே சட்டத்துல இன்னொரு விஷயமும் இருக்கு. 250 பேருக்கு மேல வேலை செய்யுற இடத்துல கேன்டீன் வைக்கச் சொல்லலாம்னு இருந்துச்சு. அப்போ அம்பது பேர், நூறு பேர் வேலை செய்யுற சின்னப் பட்டறைக்கு? கேன்டீன் கிடையாது. எங்க பக்கம் அப்படிப்பட்ட பட்டறைங்கதான் நிறைய. அந்த ஆளுங்களுக்குச் சோறு போட்டது கேட்டுக்கு வெளியில நின்ன கடைங்க. அந்தக் கடைங்கள்ல பாதி, சைக்கிள் மேலயே நடந்த கடை. பின்னாடி கேரியர்ல பெரிய டீ கேன், ஹேண்டில்பார்ல பன்னும் முறுக்கும் தொங்குற பை, ஒரு வாளியில தண்ணி. சங்கு ஊதுறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி வந்து ஸ்டாண்டு போடுவாங்க. அரை மணி முடிஞ்சதும் அடுத்த கேட்டு. கடைக்கு வாடகை இல்ல, அடுப்பு வீட்டுல. கூழும் இப்படித்தான் வயல்ல இருந்து ரோட்டுக்கு வந்துச்சு. இரும்பு ஆலை சூட்டுல நிக்கிறவனுக்கு மோர் விட்ட கூழை விட எது ஒத்துக்கும்? மென்னு முழுங்குற நேரம்கூட வேணாம். எங்க ஊரு முதல் ஃபாஸ்ட் ஃபுட் அதுதான்னு நான் சொல்லுவேன்.

பம்பாயில வேற மாதிரி. அங்க 1890 வாக்குல இருந்தே டப்பாவாலாக்கள் வீட்டுச் சாப்பாட்டை வாங்கிக்கிட்டு ரயில்லயும் சைக்கிள்லயும் ஆபீசுக்குக் கொண்டு போறாங்க. எங்க பக்கம் அவங்கவங்க தூக்குவாளி அவங்கவங்க சைக்கிள்ல. ரயில்வே கேட்டு மேட்டுல ஏறி இறங்கினா பாதிக் குழம்பு பேன்ட்டுல. அதனாலயே பல வீட்டுல குழம்பை விட்டுட்டு புளிச்சோறு, தக்காளிச்சோறுன்னு கிளறிக் கொடுக்க ஆரம்பிச்சாங்க.

பரோட்டா நைட் ஷிப்டோட வந்தது. 1960-கள்ல அரிசிக்குப் பெரிய தட்டுப்பாடு. 1967 தேர்தல்ல ரூபாய்க்கு எத்தனை படி அரிசிங்கிறதுதான் பேச்சு. அமெரிக்கா கோதுமை கப்பல்ல வந்த காலம் அது. அரிசி தின்ன வாய் கோதுமைக்கும் மைதாவுக்கும் மெல்லப் பழகிச்சு. ராத்திரி பத்து மணிக்கு ஷிப்டு முடிஞ்சு வர்றவனுக்கு வீட்டுல அடுப்பு அணைஞ்சிருக்கும். ரோட்டுல பரோட்டாக் கல்லு சூடா இருக்கும். ரெண்டு பரோட்டா சால்னாவை உள்ள தள்ளினா, எதிர்க்காத்துல அஞ்சாறு மைல் மிதிக்கலாம். ஜீரணத்துக்கு கஷ்டம்னு டாக்டருங்க சொல்றாங்க, சரிதான். ஆனா அவனுக்கு வேண்டியது காலையில வரைக்கும் பசிக்காம இருக்கணும்.

1990-கள்ல தள்ளுவண்டியில "ஃபாஸ்ட் ஃபுட்"னு பெயின்ட்டுல எழுதி, கேஸ் அடுப்பு சீறலோட ஃப்ரைடு ரைஸ் வந்துச்சு. கூடவே அஜினோமோட்டோ. 1908-ல் ஜப்பான்ல கண்டுபிடிச்ச உப்பு, எண்பது வருஷம் கழிச்சு கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து சேர்ந்துச்சு. அந்தச் சமயத்துல எங்காளுங்க பைக்குக்கு மாறினாங்க. சைக்கிள் பள்ளிக்கூடப் பிள்ளைங்களோடதாச்சு. அரசாங்கம் 2001-க்கு அப்புறம் இலவச சைக்கிள் கொடுத்ததும் அந்தப் பிள்ளைங்களுக்குத்தான்.

இன்னைக்கு சிப்காட் ரோட்டுல சைக்கிள் மிதிக்கிறது பெரும்பாலும் பீகார், ஒடிசா தம்பிங்க. ஷிப்டு விட்டதும் அவங்க நிக்கிற வண்டியில சமோசா, பானிபூரி. வண்டியும் மாறல, அரை மணி நேரமும் மாறல, ஆளும் பாஷையும்தான் மாறியிருக்கு.

இதுல விவசாயிக்கு என்னன்னு கேப்பீங்க. சைக்கிள்ல போன கையெல்லாம் எங்க வயல்ல நாத்து நட்ட கை. அவங்களோட கூழும் போச்சு, கூழு போனதும் கேழ்வரகு போடுறதும் குறைஞ்சுச்சு. எங்க தெருவுல மேட்டு நிலத்துல கேழ்வரகு போட்டவங்களை இப்ப ஒரு கையில எண்ணிடலாம். 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டுன்னு அறிவிச்சப்போ, பட்டணத்துல இருந்து போன் பண்ணி கேழ்வரகு இருக்கான்னு கேட்டாங்க. விதைக்கே தேட வேண்டியிருந்துச்சு.

அதே 2023-ல்தான் தமிழ்நாடு அரசு, சாப்பாடு டெலிவரி பண்றவங்க மாதிரி ஆப் வழியா வேலை செய்யுறவங்களுக்கு நல வாரியம் அமைச்சது. நல்ல காரியம். முன்னாடி சாப்பிடுறவன் சைக்கிள்ல வந்தான். இப்ப சாப்பாடே வண்டியில வருது, சாப்பிடுறவர் வீட்டுல உக்காந்திருக்கார். ஆலைக்காரனுக்காவது சங்கு ஊதி அரை மணி நேரம் விட்டாங்க. தோள்ல பையை மாட்டிக்கிட்டு ஓடுற பையனுக்கு சங்கு ஊத ஆளில்ல. மத்தியானம் ரெண்டு மணிக்கு உங்க வீட்டு பிரியாணி அவன் கையில இருக்கும், அவன் வயித்துல ஒண்ணும் இருக்காது. அடுத்த தடவை கதவைத் திறக்கும்போது, ஒரு சொம்பு தண்ணி கொடுத்து "சாப்பிட்டியாப்பா"ன்னு கேளுங்க. எங்க ஊர்ல வீடு தேடி வந்தவங்களை முதல்ல கேக்குறது அதுதான்.