ஒரு பெயர், இரு பொருள்

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் நோக்கிச் செல்லும் பெருவழியில், பாலுச்செட்டிச்சத்திரத்தை அடுத்து இருக்கிறது திருப்புட்குழி. புள் என்றால் பறவை; ஜடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் செய்த இடம் என்கிறது தலபுராணம். விஜயராகவப் பெருமாள் கோயில் கொண்ட இவ்வூருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. யாதவப்பிரகாசரிடம் இளம் இராமானுசர் வேதாந்தம் பயின்றது இங்கேதான் என்பது வைணவ மரபு.

குருபரம்பரைக் கதை பலரும் அறிந்தது. சாந்தோக்ய உபநிடதத்தில் பரம்பொருளின் கண்களுக்கு உவமை சொல்லுமிடத்தில் ‘கப்யாஸம்’ என்றொரு சொல் வருகிறது. கபி என்பதைக் குரங்கு என்று கொண்டு, அதன் பின்புறத்தைப் போன்ற செந்தாமரை என விளக்கினார் ஆசிரியர். சீடரின் கண்ணீர் சூடாக ஆசிரியர் மேனியில் விழுந்தது. கபி என்பது நீரை உறிஞ்சும் கதிரவன், அவனால் மலர்த்தப்பட்ட தாமரை என்று பிரித்துக் காட்டினார் சீடர். சொல் ஒன்றுதான். அது எந்தப் பொருளோடு இணைகிறது என்பதில்தான் வழக்கு.

அறிவியல் கணிப்புக்காக நிரல் எழுதுவோர் அன்றாடம் சந்திக்கும் வழக்கும் இதுவே. நிரலில் ஒரு பெயர் மட்டும் இருக்கும். அதன் பொருளாகிய கட்டளைத் தொகுதி வேறொரு நூலகத்தில் இருக்கும். இரண்டையும் இணைக்க வேண்டும்.

இந்தச் சிக்கலுக்குக் கணினியின் வயதே ஆகிறது. 1949இல் கேம்பிரிட்ஜில் எட்சாக் இயங்கத் தொடங்கியபோதே, அடிக்கடி தேவைப்படும் கணக்குகளைத் துளையிட்ட காகித நாடாக்களில் நூலகமாகச் சேர்த்தார்கள். அவை நினைவகத்தில் எங்கு போய் அமர்ந்தாலும் இயங்கும்படி வழிசெய்தவர் டேவிட் வீலர். தம் எஞ்சிய வாழ்நாளில் பெரும்பகுதி சொந்த நிரல்களின் பிழைகளைத் தேடுவதிலேயே கழியப்போகிறது என்பது அக்காலத்தில் மாடிப்படியில் உறைத்ததாக மாரிஸ் வில்க்ஸ் பின்னாளில் எழுதினார்.

1952இல் யூனிவாக் கணினிக்கு ஏ-0 என்ற கருவியைச் செய்த கிரேஸ் ஹாப்பர் அதற்குக் கம்பைலர் என்று பெயரிட்டார். நூலகத்திலிருந்து தொகுதிகளை எடுத்துக் கோப்பதே அதன் வேலை. இன்றைய வழக்கில் அது இணைப்பிக்கே நெருக்கமானது. தமிழில் நாம் தொகுப்பி என்றது அந்த மூலப்பொருளுக்குப் பொருத்தமாகவே அமைந்துவிட்டது. ஐங்குறுநூற்றைத் தொகுத்த கூடலூர் கிழாரும் சிதறிக் கிடந்தவற்றை வரிசைப்படுத்தியவர்தாமே.

1957இல் ஃபோர்ட்ரான் வந்தது. மறு ஆண்டில் அதன் இரண்டாம் பதிப்பு துணைநிரல்களைத் தனித்தனியே தொகுக்க இடம் தந்தது. உழைப்பு குறைந்தது; இணைப்புப் பிழை பெருகியது. 1970களின் இறுதியில் யூனிக்ஸில் வந்த எஃப்77, ஃபோர்ட்ரான் பெயர்களின் இறுதியில் ஓர் அடிக்கோட்டைச் சேர்த்தது. சி மொழியிலிருந்து அழைப்பவர் அதை மறந்தால் ‘அன்டிஃபைண்ட் ரெஃபரன்ஸ்’ என்ற செய்தி வரும்: பெயர் உண்டு, பொருள் இல்லை. பெயருக்குள்ளேயே அடிக்கோடு இருந்தால் ஜி77 இரண்டாகச் சேர்க்கும். பின்வந்த ஜிஃபோர்ட்ரான் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளும்.

வரிசையும் முக்கியம். லேபேக் நூலகம் பிளாஸ் நூலகத்தை நாடுவது. நிலை நூலகங்களை இணைப்பி இடமிருந்து வலமாக ஒருமுறை பார்த்து, அதுவரை கேட்கப்பட்டவற்றை மட்டுமே எடுத்துக்கொண்டு நகர்கிறது. பிளாஸை முன்னால் வைத்தால், பின்னால் லேபேக் கேட்கும்போது அது திரும்பிப் போவதில்லை. ஆகவே நாடுவது முன்னும் நாடப்படுவது பின்னும் நிற்க வேண்டும். என்எம் என்ற சிறு கருவி, ஒரு கோப்பில் எந்தப் பெயர் இருக்கிறது, எது வெறும் வேண்டுகோளாக நிற்கிறது என்று காட்டிவிடும்.

இவையெல்லாம் நல்ல பிழைகள், வாய்விட்டுச் சொல்பவை. அஞ்ச வேண்டியது வேறு. இணைப்பி பெயரைத்தான் ஒப்பிடுகிறது, பொருளையல்ல. 32 பிட் முழு எண்களை அனுப்பும் நிரல், 64 பிட் எண்களை எதிர்பார்க்கும் நூலகத்தோடு அதே பெயரில் இணைந்துவிடலாம். எச்சரிக்கை ஏதும் வராது. நிரல் பாதியில் நிற்கலாம். அல்லது தவறான விடையைத் தந்து முடியலாம். அந்த விடை ஒரு பாலத்தின் கணக்காகவோ மருந்தின் அளவாகவோ இருக்கக்கூடும்.

திருப்புட்குழியிலும் நடந்தது இதுதான். ‘குரங்கு’ என்ற பொருள் இலக்கணப்படி இணையவே செய்தது. எந்த விதியும் தடுக்கவில்லை. வாக்கியம் எதைச் சொல்ல வந்தது என்று அறிந்திருந்த ஒருவருக்கே அது உறுத்தியது. விடை எப்படி இருக்க வேண்டும் என்ற உணர்வு முன்பே இருந்தாலன்றி, ஓசையின்றி இணைந்த பிழையைக் கண்டுகொள்ள முடியாது. ஆகவே விடை தெரிந்த ஒரு சிறு கணக்கை முதலில் ஓட்டிப் பார்ப்பது அனுபவசாலிகளின் வழக்கம்.