பேர் இருக்கு, ஆள் இல்லை!



நகரவாசிகள் ஓட்டுப் போட வராததற்குக் காரணம் அலட்சியம்தான் என்று எதிரணித் தலைவர் அடிச்சுப் பேசிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். 'லீவு விட்டா மகாபலிபுரம் போயிடறான்'னு சொன்னார். நீங்களும் கை தட்டினீங்க. நான் ஒரே ஒரு பேட்டையை எடுத்துக்கிட்டுப் பதில் சொல்றேன். தியாகராய நகர்.

அந்தப் பேட்டையே ஒரு கட்சியின் வரலாற்றுப் புத்தகம். 1916-இல் நீதிக்கட்சி பிறக்கக் காரணமான மூவர் பிட்டி தியாகராயர், டி.எம். நாயர், நடேச முதலியார். தியாகராயர் பேரில் நகர், நாயர் பேரில் சாலை, நடேசர் பேரில் பூங்கா. முதலமைச்சராக இருந்த பனகல் அரசருக்கு இன்னொரு பூங்கா. முகமது உஸ்மானுக்கு ஒரு சாலை. பாண்டி பஜாரில் நாம சேலை எடுக்கப் போறோமே, அது பாண்டிச்சேரிக்காரங்க கடை வச்ச இடம்னு நிறையப் பேர் நினைச்சுக்கிட்டிருக்காங்க. அது பட்டிவீரன்பட்டி சௌந்தரபாண்டியனார் பேரய்யா! 1920-களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து எழுப்பிய குடியிருப்பு அது.

அன்றைக்கு யாருக்கு ஓட்டு? உத்திரமேரூர்க் கல்வெட்டிலே குடவோலையில் பேர் எழுதணும்னாலே கால் வேலிக்கு மேல் நிலமும், சொந்த மனையில் வீடும் இருக்கணும் என்று போட்டிருக்கிறது. ஆயிரம் வருஷம் கழிச்சு வெள்ளைக்காரன் வைத்த விதியும் ஏறக்குறைய அதே வாசனைதான். 1920 தேர்தலில் சொத்தும் வரியும் உள்ளவனுக்கே ஓட்டு. நாலு கோடிக்கு மேல் மக்கள் இருந்த சென்னை மாகாணத்தில் வாக்காளர் சுமார் பன்னிரண்டரை லட்சம். பெண்களுக்கு அடுத்த ஆண்டுதான் வழி திறந்தது. அந்தப் பன்னிரண்டரை லட்சத்திலும் நூற்றுக்கு 25 பேர்தான் வந்தார்கள். அவர்களை அலட்சியக்காரர்கள்னு சொல்லுவீங்களா? காங்கிரஸ் தேர்தலைப் புறக்கணித்த காலம் அது. வராமல் இருந்ததே பலருக்கு ஓர் அரசியல். நீதிக்கட்சி ஜெயித்தது. முதலமைச்சர் பதவி தேடி வந்தபோது தியாகராயர் எனக்கு வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டார். (கைதட்டல்) தட்டுங்க, இந்தக் காலத்தில் கேட்க முடியாத செய்தி.

சரி, அந்தப் பேட்டை எந்தக் கட்சிப் பக்கம்? ஒரு பக்கமும் இல்லை, எல்லாப் பக்கமும் உண்டு. காமராசர் வாழ்ந்து 1975-இல் கண்மூடியது அங்கே, திருமலைப் பிள்ளை சாலையில். எம்.ஜி.ஆர். நினைவு இல்லம் அங்கே. கம்யூனிஸ்டுகளின் பாலன் இல்லமும் பா.ஜ.க.வின் கமலாலயமும் அங்கேதான். 1967-இல் சிலம்புச் செல்வர் ம.பொ.சி. உதயசூரியன் சின்னத்தில் நின்று ஜெயித்த தொகுதி. 2001-இல் மாநிலம் அ.தி.மு.க. பக்கம் போனது, தியாகராய நகர் தி.மு.க.வுக்குப் போட்டது. 2006-இல் ஆட்சி தி.மு.க.வுக்கு வந்தது, இவங்க அ.தி.மு.க.வைத் தேர்ந்தெடுத்தாங்க. ஊரோடு ஒத்துப் போகாத பேட்டை! இதையா அரசியல் தெரியாத பேட்டைன்னு சொல்றது?

இப்ப 2021-க்கு வாங்க. மாநிலத்தில் 72 சதவீதத்துக்கு மேல். சென்னை மாவட்டத்தில் 59. தியாகராய நகர் அதுக்கும் கீழே, சுமார் 56. முடிவு எத்தனை ஓட்டிலே தெரியுமா? 137! ஒரு கல்யாணப் பந்தியிலே ஒரு வரிசை எழுந்திருச்சா முடிஞ்சு போற கணக்கு. வராதவர்களோ ஒரு லட்சத்துக்கு மேல்.

எதிரணி நண்பர் துள்ளிக் குதிக்கிறார், பொறுங்க. அந்த ஒரு லட்சம் பேரும் ஆட்கள்தானா? இல்லை, பட்டியலில் இருந்த பெயர்களா? தீவிரத் திருத்தம் செய்து 2025 டிசம்பரில் வரைவுப் பட்டியல் வெளிவந்தபோது, சென்னை மாவட்டத்திலே ஏறக்குறைய 40 லட்சம் பெயரில் 14 லட்சத்துக்கு மேல் காணோம். இறந்தவர், வீடு மாறியவர், ரெண்டு இடத்தில் பேர் உள்ளவர். இருக்கிறவர் பேரும் சேர்ந்து விடுபடும் ஆபத்து இதில் உண்டு, அதுக்குத்தான் முறையீட்டுக்கு அவகாசம் கொடுக்கிறாங்க. ஆனா ஒண்ணு: செத்துப்போன மனுசன் ஓட்டுப் போட வரலைன்னு அவர் பேரன் மேலே கோபப்படலாமா ஐயா?

ரங்கநாதன் தெருவைப் பாருங்க. ஒரு காலத்திலே வீடு, இப்ப கடை. வீட்டுக்காரர் புறநகருக்குப் போயாச்சு, பேர் மட்டும் பழைய கதவு எண்ணிலேயே நிற்குது. இந்தப் பக்கம், அந்தக் கடையில் காலையிலிருந்து ராத்திரி வரை நின்னுக்கிட்டே துணி விரிக்கிற பையனுக்கு ஓட்டு எங்கே? திருநெல்வேலிப் பக்கம். வாக்குப்பதிவு நாளுக்குச் சம்பளத்தோடு விடுமுறை தரணும்னு 1996-லேயே சட்டத்தில் சேர்த்தாச்சு. நல்ல சட்டம்தான். ஆனா ஒரு நாள் லீவில் அறுநூறு கிலோமீட்டர் போய் மையை வச்சுக்கிட்டுத் திரும்பி வரணுமே! ரெண்டு பேருமே கணக்கில் 'வராதவர்'.

இன்னொரு சங்கதி. 1688-இல் தொடங்கிய மாநகராட்சி நம்முடையது. 1973-இல் மன்றத்தைக் கலைத்தார்கள். மறுபடி தேர்தல் வந்தது 1996-இல். இருபத்து மூணு வருஷம்! தெருவிளக்கு எரியலைன்னா யாரைப் பிடிக்கிறதுன்னு தெரியாமலே ஒரு தலைமுறை சென்னையில் வளர்ந்திருக்கு. அப்புறம் 2016-லிருந்து 2022 வரை மறுபடி மன்றம் கிடையாது. 2022-இல் நடத்தினாங்க, 43 சதவீதம் சொச்சம் பேர்தான் வந்தாங்க. பழக்கத்தை நீங்களே விட வச்சுட்டு, ஏண்டா பழகலைன்னு கேட்டா எப்படி?

'ஆர்.கே. நகரும் சென்னைதானே, 2017 டிசம்பரில் அங்கே 77 சதவீதத்துக்கு மேல் வந்தாங்களே'ன்னு எதிரணி அம்மையார் கேட்டார். நல்ல கேள்வி. அதே தொகுதியில் அதே வருஷம் ஏப்ரலில் நடக்க இருந்த தேர்தலைப் பணப் பட்டுவாடா புகாரால் ரத்து செய்தார்களே, அதையும் சேர்த்துச் சொல்லணும். கட்சிக்காரன் ஒவ்வொரு கதவையும் பத்து முறை தட்டின தொகுதி அது. சதவீதம் ஏறினதாலேயே சனநாயகம் ஏறிடுச்சுன்னு நான் சொல்ல மாட்டேன்.

அலட்சியமே இல்லைன்னும் நான் வாதாடலை. மகாபலிபுரம் போறவனும் இருக்கான்.

நடுவர் மணியில் கை வச்சிட்டார். எதிரணித் தலைவருக்கு ஒரே கேள்வி. தியாகராய நகரில் வராத அந்த ஒரு லட்சத்திலே இறந்தவர் எத்தனை, வீடு மாறினவர் எத்தனை, மகாபலிபுரம் போனவர் எத்தனைன்னு அவர் பிரிச்சுச் சொல்லட்டும். சொல்லிட்டார்னா என் நாற்காலியை நானே தூக்கிக்கிட்டு அந்தப் பக்கம் வந்துடறேன். (சிரிப்பு, கைதட்டல்)