அதிர்ச்சி தாங்கியா, அமொர்த்திசெரா?

கார் சக்கரத்தின் பக்கத்தில், அச்சுக்கும் உடலுக்கும் நடுவே நிற்கும் குழாய் போன்ற சாமானை ஆங்கிலத்தில் ஷாக் அப்சார்பர் என்கிறார்கள். பட்டறையில் வெறும் ‘ஷாக்’. தமிழில் எழுதுகிறவர்கள் ‘அதிர்ச்சி தாங்கி’ என்று மொழிபெயர்த்துவிட்டார்கள். நான் படித்த பிரெஞ்சில் அதன் பெயர் ‘அமொர்த்திசெர்’. இந்த இரண்டு பெயர்களில் பிரெஞ்சுக்காரன் வைத்ததுதான் சரி என்பது என் கட்சி. பள்ளிக்கூடப் பாசத்தால் சொல்லவில்லை, காரணம் இருக்கிறது.

பள்ளத்தில் சக்கரம் விழும்போது அந்த அடியைத் தாங்குவது ஷாக் அல்ல, கமான் பட்டைதான். ஆனால் வாங்கிய அடியைப் பட்டை தன்னிடம் வைத்துக்கொள்ளாது, திருப்பிக் கொடுத்துவிடும். வண்டி மேலே எழும், மறுபடி இறங்கும், ஊஞ்சல் போல ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தின் உயிரை எடுப்பதுதான் இந்தக் குழாயின் வேலை. ‘மோர்’ என்றால் பிரெஞ்சில் மரணம். ‘அமொர்த்தீர்’ என்றால் வேகம் சாகும்படி அடக்குவது. அடங்கும் ஊசலாட்டத்தைப் பௌதிக வகுப்பில் இதே சொல்லால்தான் படித்தோம். பின்னால் அரசு அலுவலகத்தில் கணக்குப் பார்க்க உட்கார்ந்தபோது, ஒரு பொருளின் மதிப்பை ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிப்பதற்கும் பிரெஞ்சில் அதே வேர்ச்சொல்தான், ‘அமொர்த்திஸ்மான்’.

நம் முன்னோர் ஓட்டிய வில்வண்டிக்கு இந்தச் சாமான் தேவைப்படவில்லை. பட்டைகள் ஒன்றோடொன்று உரசும், அந்த உரசலிலேயே ஆட்டம் அடங்கிவிடும். மாட்டின் வேகத்துக்கு அது போதும். மோட்டார் வந்து வேகம் கூடியபோதுதான் சிக்கல். பட்டையை இறுக்கினால் இடுப்பு ஒடியும், தளர்த்தினால் வண்டி துள்ளும்.

1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் த்ருபோ என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு வழி கண்டார். கத்தரிக்கோல் போல இரண்டு கைகள், அவை சேரும் இடத்தில் தட்டுகள், நடுவே தோல், எல்லாவற்றையும் இறுக்க ஒரு போல்ட். ஹார்ட்ஃபோர்டு என்ற அமெரிக்கர் இதை உரிமம் வாங்கித் தம் நாட்டில் விற்றார். குறை என்னவென்றால், சின்ன மேட்டில் அது அசையவே அசையாது. ஒருமுறை நழுவ ஆரம்பித்தால் பிடி தளர்ந்துவிடும்.

பிறகு எண்ணெய் வந்தது. மொரீஸ் ஊதாய், இவரும் பிரெஞ்சுக்காரர்தான், ஓர் அறைக்குள் எண்ணெயை அடைத்து, சிறு துவாரம் வழியாக அதைத் தள்ளும்படி செய்தார். அலுவலகக் கதவுகளில் தானாக மூடும் கருவி இருக்குமே, அதே சூட்சுமம். மெதுவாகத் தள்ளினால் வழிவிடும். வேகமாகத் தள்ளினால் எதிர்க்கும். 1927 இறுதியில் வெளிவந்த ஃபோர்டு மாடல் ஏ காரில் ஊதாய் வகைதான் இருந்தது. நம் ஊர் டாக்டர்கள் ஓட்டிய மாரிஸ் மைனரிலும் நெம்புகோல் வைத்த எண்ணெய் ஷாக்குகளே. இன்று நாம் பார்க்கும் நீளக் குழாய் வகை அதற்குப் பின் பரவியது. 1950-களில் பூர்சியே த கார்போன் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் குழாய்க்குள் வாயுவையும் அழுத்தி அடைத்து, எண்ணெய் நுரைக்காமல் செய்தார்.

இவ்வளவையும் நான் தேடிப் படிக்கக் காரணம் எங்கள் வீட்டு பியட் 1100. பல வருஷம் காத்திருந்து என் மாமனார் 1968-ல் வாங்கியது. அவர் காலத்துக்குப் பின் என் மனைவிக்கு வந்தது. சமீபத்தில் திண்டிவனம் சாலையில் போனபோது ஒவ்வொரு வேகத்தடைக்குப் பிறகும் பின்பக்கம் தொட்டில் போல ஆடியது. பின்னால் உட்கார்ந்திருந்த மனைவிக்கு வயிற்றைப் பிரட்டியது. “ஐம்பது வயசு வண்டி, அப்படித்தான் இருக்கும். வித்துடுங்க” என்று மகன் சொன்னான். மனைவி வாயே திறக்கவில்லை. ஒரு பட்டறையில் பின்பக்கம் இன்னொரு பட்டை சேர்க்கச் சொன்னார்கள். நூறு வருஷத்துக்கு முன்பே தோற்றுப்போன வைத்தியம் அது.

எனக்குப் பழக்கமான மெக்கானிக் பாய் வந்து பின்மூலையில் கையை ஊன்றி அமுக்கிவிட்டு எடுத்தார். ஒருமுறை எழுந்து நிற்க வேண்டிய வண்டி நாலு முறை ஆடியது. குனிந்து பார்த்தால் இரண்டு குழாய்களிலும் எண்ணெய்க் கசிவு. “பட்டை நல்லா இருக்கு சார். ஷாக்தான் செத்துப்போச்சு” என்றார். ஆட்டத்தைச் சாகடிக்க வேண்டியது தானே செத்துக் கிடந்தது! இது வெறும் சொகுசுப் பிரச்சினை இல்லை. சக்கரம் துள்ளும்போது டயர் தரையை விட்டு எழுகிறது. அந்த நொடியில் பிரேக் பிடித்துப் பயனில்லை.

பழைய சாமான் எங்கள் ஊரில் கிடைக்கவில்லை. முழுதாக இழுத்தால் எவ்வளவு நீளம், அமுக்கினால் எவ்வளவு, இரண்டு முனைக் கண்களின் அகலம் என்ன என்று அளந்து எழுதிக்கொண்டு சென்னை புதுப்பேட்டைக்குப் போய் ஒரு ஜோடி வாங்கிவந்தோம். துருப்பிடித்த நட்டுகளில் முதல் நாள் இரவே எண்ணெய் விட்டு ஊறவைத்தார் பாய். புதியவற்றை நிமிர்த்திப் பிடித்து ஏழெட்டு முறை இழுத்து அமுக்கி, உள்ளே தங்கிய காற்றை வெளியேற்றினார். ரப்பர் புஷ்களைக் கடைசியாக இறுக்கியது ஜாக்கியை இறக்கி, வண்டியின் பாரம் சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்களுக்கு இரண்டு வார்த்தை. ஒரு பக்கம் மட்டும் மாற்றாதீர்கள், ஜோடியாக மாற்றுங்கள். கரடுமுரடான சாலையில் ஓட்டி நிறுத்தியதும் இரண்டு குழாய்களையும் ஜாக்கிரதையாகத் தொட்டுப் பாருங்கள். ஆட்டத்தின் சக்தி எண்ணெயில் சூடாக மாறுவதால் இரண்டும் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். குளிர்ந்து கிடப்பது வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

எங்கள் வண்டியில் இப்போது இரண்டும் ஒரே சூடு. மகன் விற்கும் பேச்சை எடுக்கவில்லை. போன வாரம் வில்லியனூர் கோயிலுக்குப் போய்வந்தோம். போகும்போதும் வரும்போதும் மனைவி பின்சீட்டில்தான் உட்கார்ந்தாள். அவள் அப்பாவும் அங்கேதான் உட்காருவாராம்.