சிலுவையைக் கழற்ற மறுத்த தாதி



பரிசளிப்பு நாளில் “நல்லாப் படி, டாக்டராகணும், வக்கீலாகணும்” என்று நம் பிள்ளைகளை வாழ்த்துகிறோம். நல்ல வாழ்த்துதான். ஆனால் படிப்பு மட்டும் ஒருவரை நல்லவராக்கிவிடுமா? இந்தச் சரித்திரத்தைக் கேளுங்கள்.

1894-ஆம் ஆண்டு மே முதல் நாள், இன்றைய செக் நாட்டில் ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளியின் மகளாகப் பிறந்தார் ஹெலனா காஃப்கா. குடும்பம் பிழைப்புத் தேடி ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவுக்கு வந்தது. வீட்டு வேலை, கடை வேலை என்று உழைத்த ஹெலனா, பிறகு மருத்துவமனையில் சேர்ந்தார். 1914-இல் பிரான்சிஸ்கன் கன்னியர் மடத்தில் சேர்ந்து, சகோதரி ரெஸ்டிடூட்டா ஆனார்.

வியன்னாவுக்கு அருகே மோட்லிங் என்ற ஊர் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக் கூடத்துக்குத் தலைமைத் தாதி அவர்தான். நம் தோட்டத்தில் ‘மிஸி’ என்று கூப்பிடுவோமே, அந்த வேலை. கன்னியர் என்றதும் வாய் திறக்காதவர் என்று நினைத்துவிடாதீர்கள். மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவார். இறைச்சிக் குழம்பும் ஒரு கிளாஸ் பீரும் என்றால் அவருக்குப் பிரியம்.

1938-இல் இட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் புகுந்தது. மருத்துவமனைகளில் மதச் சின்னங்கள் கூடாது என்றது புதிய ஆட்சி. அவரோ புதிதாகக் கட்டிய அறைகளில் சிலுவைகளை மாட்டினார். கழற்றச் சொன்னார்கள். முடியாது என்றார். போரையும் இட்லர் ஆட்சியையும் சாடும் ஒரு பாட்டையும் அலுவலகத்தில் பிரதி எடுக்கச் செய்தார்.

காட்டிக் கொடுத்தது யார்? அதே மருத்துவமனையின் டாக்டர்! பட்டம் பெற்றவர். பக்கத்தில் நின்று வேலை செய்தவர்.

1942 பிப்ரவரி 18, சாம்பல் புதன். இரகசியப் போலீசார் அவரைக் கைது செய்தனர். அக்டோபர் 29-இல் தேசத் துரோகி என்று மரண தண்டனை விதித்தது நாஜி நீதிமன்றம். கருணை மனு இட்லரின் வலக்கையான போர்மானிடம் போனது. மற்றவர்களுக்குப் பயம் வரவேண்டும் என்று அவர் அதைத் தள்ளிவிட்டார்.

சிறையில் கிடைத்த கொஞ்சச் சோற்றையும் பலவீனமானவர்களுக்குக் கொடுத்தார் அந்தச் சகோதரி. மதம், கட்சி பார்க்கவில்லை. அவருடன் சிறையிருந்த கம்யூனிஸ்டுப் பெண்களே பின்னாளில் இதைச் சொன்னார்கள்.

1943 மார்ச் 30-ஆம் நாள், வியன்னாவில் அவருடைய தலை துண்டிக்கப்பட்டது. அப்போது வயது 48. உடலைக்கூட மடத்தாரிடம் தரவில்லை. 1998 ஜூன் 21-இல் அதே வியன்னாவில் போப் இரண்டாம் ஜான் பால் அவரை அருளாளர் என்று அறிவித்தார்.

பெற்றோர்களே, நாஜிகளிடம் தலைகுனிந்தவர் மெத்தப் படித்தவர். நிமிர்ந்து நின்றவர் செருப்புத் தைப்பவரின் மகள். பிள்ளை எத்தனை மார்க் வாங்கினான் என்று கேட்கிறோம். கேட்போம். தப்பு நடந்தால் தப்பு என்று சொல்கிற தைரியம் அவனுக்கு வந்திருக்கிறதா என்றும் கேட்போம். அதற்குப் பரிசு கொடுக்க மேடை வேண்டாம். வீட்டில் நீங்கள் தட்டிக் கொடுத்தாலே போதும்.