டி.என்.ஏ. பழுதுநீக்கத்தைக் குறிவைக்கும் புற்றுநோய் மருத்துவம் (தென்சென்னை)

செல்லுக்குள் டி.என்.ஏ.வில் உண்டாகும் சேதத்தைச் சரிசெய்யும் நொதிகளை மருந்தால் முடக்கி, அதன்வழியே புற்றுச் செல்லைச் சாகடிக்கும் சிகிச்சை முறை. ஒலாபரிப், நிராபரிப், ருக்காபரிப், தலசோபரிப் ஆகிய ‘பார்ப்’ தடுப்பான்கள் இதில் முதன்மையானவை. ஒலாபரிப் மாத்திரைக்கு 2018இல் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. ஆனால் அந்த மாத்திரை யாருக்குப் பலிக்கும் என்று சொல்லும் மரபணுச் சோதனை, அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் நடந்துகொண்டிருந்தது.

செயல்படும் விதம்

ஒவ்வொரு செல்லின் டி.என்.ஏ.வும் நாளொன்றுக்குப் பல்லாயிரம் முறை சேதப்படுகிறது. இரட்டை இழையில் ஓர் இழை மட்டும் அறுந்தால் பார்ப்-1 என்னும் நொதி அங்கே வந்து ஒட்டிக்கொண்டு, ஒரு மூலக்கூற்றுச் சங்கிலியைக் கட்டி, மற்றப் பழுதுநீக்கும் புரதங்களை வரவழைக்கும். மருந்து இந்தச் சங்கிலியைக் கட்டவிடாது. நொதியும் விலக வழியின்றி அங்கேயே சிக்கிக்கொள்ளும். செல் பிரிவதற்காக டி.என்.ஏ. நகலெடுக்கப்படும்போது அந்தச் சிக்கலில் முட்டி இரண்டு இழைகளுமே அறுந்துபோகும். பி.ஆர்.சி.ஏ.-1, பி.ஆர்.சி.ஏ.-2 புரதங்கள் நல்லபடியாக இருக்கும் செல் அந்த அறுப்பைப் பிழையில்லாமல் சேர்த்துவிடும்; அவை கெட்டுப்போன செல் மடியும்.

இரண்டு கிணறு உள்ள தெருவில் ஒன்றை மூடினால் குடிநீருக்குக் குறைவில்லை. ஒன்று ஏற்கெனவே தூர்ந்துபோன தெருவில் மற்றதையும் மூடினால் தெருவே காலி. பார்ப் ஒரு கிணறு, பி.ஆர்.சி.ஏ. மற்றொன்று. பி.ஆர்.சி.ஏ. பிறழ்வோடு பிறந்தவரின் உடற்செல்களில் அந்த மரபணுவின் ஒரு படி பழுதாக இருந்தாலும் மற்றொரு படி வேலை செய்துகொண்டிருக்கும். கட்டியில்தான் இரண்டும் தொலைந்திருக்கும். மருந்து கட்டியைக் கொன்று மற்றச் செல்களைப் பெரும்பாலும் விட்டுவைப்பதன் சூட்சுமம் இதுவே. பழைய கீமோ மருந்துகளுக்கு இந்த அளவு பாகுபாடு கிடையாது.

வரலாறு

பார்ப் நொதியின் செயலை 1963இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் பியர் ஷாம்போன் முதலியோர் கண்டனர். பி.ஆர்.சி.ஏ. கெட்ட செல்கள் பார்ப் தடுப்பானுக்குத் தாங்காமல் சாகின்றன என்பதை 2005இல் ‘நேச்சர்’ இதழில் இரு குழுக்கள் தனித்தனியே வெளியிட்டன. ஒன்றில் தாமஸ் ஹெல்லடே, மற்றொன்றில் ஆலன் ஆஷ்வர்த். ஒலாபரிப்புக்கு அமெரிக்கா 2014 டிசம்பரில் அனுமதி தந்தது. பழுதுநீக்கத்தின் அடிப்படையைக் கண்ட தோமஸ் லிண்டால், பால் மோட்ரிச், அஜீஸ் சாஞ்சார் மூவரும் மறு ஆண்டே வேதியியல் நோபல் பெற்றனர்.

பி.ஆர்.சி.ஏ.-2 புரதம் டி.என்.ஏ.வின் அறுப்பைச் சேர்க்க எப்படி உதவுகிறது என்பதை விளக்கிய முன்னோடிகளில் ஒருவரான அசோக் வெங்கிட்டராமன் மருத்துவம் படித்தது வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில். பிறகு கேம்பிரிட்ஜில் நெடுங்காலம் பணியாற்றி சிங்கப்பூர் சென்றார். தமிழ்நாட்டு வாசகர் இந்தத் துறையில் அறிந்திருக்க வேண்டிய முதல் பெயர் அவருடையது.

அடையாறும் சுற்றுப்புறமும்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கத்து நோயாளிகள் மின்சார ரயிலில் வந்து கிண்டியில் இறங்கி, பஸ் பிடித்துப் போய்ச் சேரும் இடம் அடையாறு புற்றுநோய் நிறுவனம். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் இந்திய மாதர் சங்கம் 1954இல் இதைத் தொடங்கியது. டாக்டர் எஸ்.கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் வி.சாந்தாவும் வளர்த்தெடுத்தனர். 1950களிலேயே கோபால்ட் கதிர்வீச்சு இயந்திரம் இங்கே வந்துவிட்டது. கதிர்வீச்சும் டி.என்.ஏ.வை அறுத்துத்தான் கட்டியைக் கொல்கிறது. 2019இல் தரமணியில் திறக்கப்பட்ட புரோட்டான் சிகிச்சையும் அப்படியே. எனவே பழுதுநீக்க நொதிகளைப் பற்றிய கேள்வி இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல, பெயர்தான் புதிது.

2000களின் தொடக்கத்தில் அடையாறு நிறுவனத்தில் டி.ராஜ்குமார் தலைமையிலான மூலக்கூற்றுப் புற்றியல் துறை, பரம்பரைப் புற்றுநோய்க் குடும்பங்களின் பி.ஆர்.சி.ஏ. மரபணுக்களைப் படிக்கத் தொடங்கியது. அஷ்கெனாசி யூதர்களிடம் பெயர்பெற்ற ‘185டெல்ஏஜி’ என்ற பிறழ்வு தென்னிந்தியக் குடும்பங்களிலும் திரும்பத் திரும்பத் தென்படுவது இத்தகைய ஆய்வுகளால் தெரியவந்தது. அப்போது அந்த முடிவை வைத்து நோயாளிக்குத் தர மருந்து எதுவுமில்லை. பெற்றோரில் ஒருவருக்குப் பிறழ்வு இருந்தால் பிள்ளைக்கு வர 50 விழுக்காடு வாய்ப்பு உண்டு என்று எச்சரித்து, குடும்பத்தில் மற்றவர்களைக் கண்காணிக்கச் சொல்லவே அது உதவியது. மருந்து வந்தபோது அதே சோதனைத் தாள் சிகிச்சைச் சீட்டாக மாறியது.

நிறுவனம் இருக்கும் சர்தார் படேல் சாலையிலேயே உள்ள சென்னை ஐ.ஐ.டி., எஸ்.மகாலிங்கம் குழுவின் உழைப்பில் 2025 பிப்ரவரியில் பாரத் புற்றுநோய் மரபணு வரைபடத்தை வெளியிட்டது. 480 மார்பகப் புற்றுநோயாளிகளின் திசுக்களில் இருந்து 960 எக்ஸோம்கள் (புரதங்களுக்கான குறிப்பைத் தாங்கும் டி.என்.ஏ. பகுதிகளின் தொகுப்புகள்) படிக்கப்பட்டிருக்கின்றன. வெளிநாட்டுத் தரவைக் கொண்டே இந்தியருக்கு மருந்து தேர்ந்த நிலைக்கு இது ஒரு தொடக்கமான மாற்று.

இந்திய முயற்சி ஒன்று

பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் சதீஷ் ராகவன் குழு, அறுந்த முனைகளை ஒட்டும் லிகேஸ்-4 நொதியைத் தடுக்கும் ‘எஸ்.சி.ஆர்.7’ என்ற மூலக்கூற்றை 2012இல் ‘செல்’ இதழில் அறிவித்தது. எலிகளில் கட்டி வளர்ச்சி குறைந்தது. 2016இல் வேறொரு குழு, அது லிகேஸ்-4ஐ வலுவாகவோ தனித்தோ தடுப்பதில்லை என்று எழுதியது. மரபணுத் திருத்த ஆய்வகங்களில் எஸ்.சி.ஆர்.7 பரவலாகப் பயன்பட்டது. நோயாளியிடம் இன்னும் வரவில்லை. நொதியைத் தடுக்கிறது என்று காட்டுவதும் அந்த நொதியை மட்டுமே தடுக்கிறது என்று காட்டுவதும் வேறு வேறு என்பதை, 2011இல் பெரும் பரிசோதனையில் தோற்ற இனிபரிப்பும் உணர்த்தியது. அது உண்மையில் பார்ப் தடுப்பானே அல்ல என்று பிறகு தெரிந்தது.

பலனும் வரம்பும்

2018இல் வெளியான சோலோ-1 ஆய்வில், பி.ஆர்.சி.ஏ. பிறழ்வுள்ள சினைப்பைப் புற்றுநோயாளிகள் கீமோவுக்குப் பின் ஒலாபரிப் எடுத்துக்கொண்டபோது, மூன்றாண்டு முடிவில் 60 விழுக்காட்டினர் நோய் திரும்பாமல் இருந்தனர். மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் 27 விழுக்காடே. வழக்கமான அளவு 300 மில்லிகிராம், நாளுக்கு இரு வேளை. இரத்தசோகை, களைப்பு, குமட்டல் ஆகியவை சாதாரணப் பக்கவிளைவுகள். எலும்பு மஜ்ஜையைப் பாதித்து இரத்தப் புற்றுநோயாக மாறுவது அரிது, ஆனால் உண்டு. சில கட்டிகளில் கெட்ட பி.ஆர்.சி.ஏ. மரபணுவிலேயே இன்னொரு பிறழ்வு தோன்றி, புரதம் மறுபடி உயிர்பெற்றுவிடும். அப்போது மருந்து எடுபடாது. பி.ஆர்.சி.ஏ. குறை இல்லாதவர்களுக்குப் பலன் வெகுவாகக் குறையும்.

பிறவிப் பிறழ்வை இரத்தத்திலோ உமிழ்நீரிலோ காணலாம். கட்டியில் மட்டும் தோன்றிய பிறழ்வுக்குக் கட்டித் திசுவே வேண்டும். ஒரு பெண்ணுக்குப் பிறவிப் பிறழ்வு உறுதியானால் அக்கா தங்கையரோடு அண்ணன் தம்பிமாரையும் சோதிப்பது அவசியம்: அதே பிறழ்வு ஆண்களுக்குப் புரோஸ்டேட், கணையம், மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது.