உண்டியல்

ஆப்பிரிக்காவுக்குத் தீப்பெட்டி அனுப்பும் சிவகாசி அலுவலகம் ஒன்றில், பழைய பேரேட்டில் ‘உண்டியல் வரவு’ என்றிருந்ததைப் பார்த்துப் புதிதாகச் சேர்ந்த பையன் கேட்டான்: “அண்ணாச்சி, சரக்கு போட்டதுக்குக் கோயில் உண்டியல்ல இருந்தா பணம் வந்துச்சு?” சிரிப்பு வந்தாலும், குற்றம் அவனுடையதல்ல. இன்று உண்டியல் என்றால் காணிக்கைப் பெட்டி, செய்தித்தாளிலோ ஹவாலா. அந்தக் காலத்தில் அது கௌரவமான வணிகச் சீட்டு: இன்னாருக்கு இவ்வளவு கொடுத்துவிடவும் என்று ஓர் ஊர் வியாபாரி மறு ஊருக்கு எழுதும் முறி. நாட்டுக்கோட்டை நகரத்தார் கண்டதும் பணம் தரவேண்டியதைத் தர்சன உண்டி என்றும், கெடு வைத்ததைத் தவணை உண்டி என்றும் பிரித்தார்கள். சாப்பாடாகிய ‘உண்டி’க்கும் இதற்கும் உறவில்லை, இது ‘ஹுண்டி’ வழி வந்தது. 1881ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டம்கூட உள்ளூர் உண்டியல் வழக்கத்தில் கைவைக்கவில்லை. குஜராத்தி வணிகர்கள் நடமாடிய கிழக்கு ஆப்பிரிக்காவிலும் சொல் கரையேறிவிட்டது. சுவாகிலியில் ‘ஹுண்டி’ என்றால் காசோலை, பணமுறி. கடையைக் குறிக்கும் ‘துக்கான்’ அங்கே ‘டூக்கா’. கென்யாவில் 1920 வரை புழங்கியதே நம் ரூபாய்தான். இத்தகைய வணிகச் சீட்டை நம் பாடநூல்கள் ‘மாற்றுச்சீட்டு’ என்கின்றன. தெளிவான சொல்தான், ஆனால் கடைவீதியில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. இலங்கைத் தமிழர் அரசுக் கடன் பத்திரத்தையே ‘திறைசேரி உண்டியல்’ என்று கூசாமல் எழுதுகிறார்கள். என் ஓட்டு அவர்களுக்கே.